உன் அப்பாவுக்கு நான் வாயில் கொடுத்தது

மக்கா,

காரில் பெட்டியை ஏற்றிவிட்டு, முற்றத்தில் நின்று, உன் மாமியும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நீ என்னிடம் கேட்டாய்: "அப்பாக்கு வாயில கொடுக்க ஆரும்மா சொன்னது?" நான் பதில் சொல்லவில்லை. நீ அதையே பதிலாக எடுத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டாய். குவைத்தில் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு வரி அனுப்பினாய், அவ்வளவுதான். நான் கூப்பிடும்போதெல்லாம் டியூட்டி என்கிறாய். மூக்கு வழியாகப் போட்டிருந்த டியூபைத் திரும்பப் போடவிடாமல், வாயில் ஊட்டி, உன் அப்பாவை நான் கொன்றுவிட்டேன் என்று நினைக்கிறாய். அந்த வார்த்தையை நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருப்பேன். சொல்லாமல் போனதுதான் என்னைப் போட்டு அறுக்கிறது.

உனக்குத் தமிழ் எழுத்து மெதுவாகத்தான் ஓடும் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் நீ படித்தது மலையாளம். இந்தத் தமிழ், களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நான் சீதனமாகக் கொண்டுவந்தது என்று உன் அப்பா கேலி செய்வார். மலையாளத்தில் எழுதலாம் என்று உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு அழுகை வருகிற மொழி அது இல்லை. நீ மெதுவாகவே வாசி. போன் என்றால் பாதியில் வைத்துவிடுவாய். இதை மடக்கி மேசைக்குள் போட்டாலும், நாலு நாள் கழித்து எடுத்து மீதியை வாசிப்பாய். உன்னைப் பெற்றவளுக்கு உன் குணம் தெரியாதா?

உன் அப்பா சாப்பிடுகிற அழகு உனக்கு நினைவிருக்கும். திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், நெய்யாற்றின்கரை ஸ்டாண்டில் கிடைக்கிற கொஞ்ச நேரத்துக்குள் கொதிக்கிற கட்டன் சாயாவை ஒரே சாய்ப்பில் குடித்துவிட்டு வண்டியில் ஏறுவாராம். வீட்டிலும் அப்படித்தான். மரச்சீனிக் கிழங்கை மசித்து, சாளை மீன் புளிமுளக் குழம்பை மேலே ஊற்றி, நான் எனக்கு எடுத்து வைப்பதற்குள் அவர் தட்டைக் கழுவப் போயிருப்பார். பின்னால் யாராவது ஹாரன் அடிக்கிறார்களா என்று நான் கேட்பேன். அந்த மனிதர் சோற்றின் முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எடுக்க ஆரம்பித்தபோது, வயதாகிவிட்டது, ஓய்வு பெற்றவருக்கு அவசரம் என்ன என்றுதான் நான் நினைத்தேன். கைநடுக்கம் வந்து நாளாகியிருந்தது. அதற்கு மாத்திரையும் இருந்தது. தண்ணீர் குடித்தால் இருமல் வந்தது. குடித்த பிறகு பேசினால் தொண்டைக்குள் சளி கொழகொழவென்று நிற்பது மாதிரிக் குரல் கேட்டது. சளி என்றுதான் உன்னிடமும் சொன்னேன். அவருடைய சட்டைக் கழுத்து தளர்ந்தபோது, தையல்காரி நான், கேள்வி கேட்காமல் பிரித்துப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் மறுபடியும் தைத்தேன்.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். சத்தியம் வாங்கினவர் இப்போது கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார், அதனால் சொல்கிறேன். ஒரு திருவிருந்து ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் வாங்க வழக்கம்போல அவர் முதல் வரிசையில் போய் முழங்காலிட்டார். அப்பம் வாயில் ஒட்டிக்கொண்டது போல. ரசப் பாத்திரம் வந்தபோது அதை இறக்குவதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் குடித்துவிட்டார். அவ்வளவுதான், புரையேறிவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வாயில் இருந்ததெல்லாம் வெளியே தெறித்தது. பலிபீடத்தின் முன்னால் கிராதித் தடுப்பில் விரித்திருக்கிற வெள்ளைத் துணி முழுவதும் சிவப்பு. அந்தத் துணியைத் தைத்துக் கொடுத்தவளும் நான்தான். போதகர் நல்ல மனிதர், அவர் தோளில் கைவைத்தார். ஆனால் பெஞ்சுகளில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நீ நம் சபையில் வளர்ந்த பிள்ளை, அந்தப் பார்வைக்கு அர்த்தம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தகுதி இல்லாமல் வாங்குகிறவனுக்கு அது ஆக்கினை, தேவ தண்டனை என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த சனம் நாம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது உன் மாமிதான் அதை வாய்விட்டுச் சொன்னாள். உன் அப்பாவுக்கு அக்கா அல்லவா, அவருக்கு மேலே அவளுக்கு அதிகாரம் உண்டு. "எலே, மனசுல வல்ல பகையும் வச்சிட்டு அத வாங்கப்பிடாது கேட்டியா. மொதல்ல மூத்தவன்ட்ட போய் ராசியாவு" என்றாள். வீட்டுக்கு வருகிற வழிக்காகப் பெரியப்பாவோடு இருந்த பிரச்சினை உனக்குத் தெரியும். நியாயம் நம் பக்கம் இருந்தது என்றும் உனக்குத் தெரியும். மறுநாள் உன் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு குளத்தூருக்குப் போய், தான் செய்யாத தப்புக்குப் பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். வழியையும் விட்டுக்கொடுத்தார். நான் அன்று அவரோடு பெரிய சண்டை போட்டேன். நீ லீவில் வந்தபோது பைக்கை ஏன் சுற்றிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது என்று கேட்டாயே, காரணம் இதுதான். என் சண்டை அவர் காதில் ஏறவே இல்லை. மனதில் இருந்த பாரம் போய்விட்டது என்று சிரித்த முகத்தோடு இருந்தார். அடுத்த திருவிருந்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறும் புரையேறியது. முன்பைவிட மோசமாக. யாரோ ஒருவர் எழுந்து வந்து முதுகில் தட்டினார். உன் அப்பா எழுந்து, தன் இடத்துக்குத் திரும்பாமல், நேராகக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அதன்பிறகு அவர் அங்கேதான். திருவிருந்து நாளில் எல்லோரும் எழுந்து முன்னால் போகும்போது அவர் மட்டும் தலையைக் குனிந்து இருப்பார். பெண்கள் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்தால் எனக்கு அவர் உச்சந்தலை தெரியும். நான் போய் வாங்கிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பி வருவேன். வீட்டில் கேட்டால், ஆண்டவருக்கு என்மேல் இன்னும் ஏதோ குறை உண்டு, அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை என்பார். எழுபது வயதுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர், சின்ன வயதில் மாங்காய் பறித்ததிலிருந்து ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டிருந்தார். தொண்டையில் ஒரு வியாதி என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அவர் ஜெபம் பண்ணினார், நான் கஞ்சித்தண்ணீர் கொடுத்தேன்.

அந்தக் கஞ்சித்தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் யாருக்கு முடியவில்லை என்றாலும் முதலில் கொடுப்பது அதுதானே. தொண்டைக்குச் சுகம், கஷ்டமில்லாமல் இறங்கும் என்று தெளிந்த தண்ணீராக, ஒரு பருக்கை இல்லாமல் வடித்துக் கொடுத்தேன். மாமி சுக்குத்தண்ணீர் கொண்டுவருவாள். பக்கத்து வீட்டிலிருந்து இளநீர் வரும். இந்த மாதிரித் தொண்டைக்குத் தண்ணீர்தான் முதல் சத்துரு, தண்ணீராக இருப்பதுதான் வழிமாறி நெஞ்சுக்குள் ஓடும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஊரே அன்பாகச் சேர்ந்து அவர் நெஞ்சில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். நீ வீடியோவில் கூப்பிடும்போது அவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு உருண்டை வாயில் போட்டு, தலையாட்டிச் சிரிப்பார். நீயும் "அப்பா நல்லா திங்குதாங்க" என்று சந்தோஷமாக வைத்துவிடுவாய். போன் அணைந்ததும் அதை என் கையில் துப்பிவிடுவார். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ அங்கே நிம்மதியாக இருக்க வேண்டும் என்றுதான்.

பிறகு காய்ச்சல் வந்து, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் படுத்தது உனக்குத் தெரியும். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண், மலையாளமும் நம் பேச்சும் கலந்து பேசுகிறவள். கைநடுக்கத்தைக் கொடுக்கிற அதே நோய் தொண்டையின் தசையையும் பிடித்திருக்கிறது, விழுங்குகிற வேலை ஒரு நொடி தாமதமாக நடக்கிறது, அந்த நொடிக்குள் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடுகிறது என்று படம் வரைந்து காட்டினாள். உன் அப்பா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ இது தண்டனை இல்லியா, டாக்டரே?" என்று கேட்டார். அவளுக்குப் புரியவில்லை. இது அசுகம்தான், வியாதிதான், தண்டனை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். உன் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதார். அவருக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அத்தனை மாதம் அந்த மனிதரைக் கடைசி பெஞ்சில் உட்கார்த்தி வைத்தது தொண்டையில் இருந்த ஒரு தசை.

டியூபோடு வீட்டுக்கு வந்தோம். உனக்குப் பெரிய நிம்மதி. எனக்கும் முதலில் நிம்மதிதான், இல்லை என்று சொல்லமாட்டேன். எல்லாவற்றையும் அரைத்து, வடிகட்டி, ஊசிக்குழாயில் எடுத்து மூக்கு வழியாகவே இறக்கலாம். நீ தினமும் கூப்பிட்டு எவ்வளவு போயிற்று என்று கேட்பாய், நான் சொல்வேன், நீ சரி என்பாய். ஆனால் நீ கேட்காதது ஒன்று உண்டு, மக்கா. அவர் எப்படி இருக்கிறார் என்று நீ கேட்கவில்லை. மூக்கில் உறுத்துகிறது என்று அவர் அதைப் பிடுங்கிவிடுவார். பிடுங்கினால் மறுபடி போட வேண்டும், போடும்போது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். பிடுங்காமல் இருக்க இரண்டு கைக்கும் பை தைத்து மாட்டச் சொன்னார்கள். அவருடைய பழைய காக்கிச் சட்டையை வெட்டி நான்தான் தைத்தேன். மணிக்கட்டில் உறுத்தாமல் உள்ளே மல் துணி வைத்துத் தைத்தேன். அவரே கையை நீட்டிக் காட்டினார், நான் மாட்டினேன். இந்தக் கையால் எத்தனையோ பேருக்கு அளவெடுத்துத் தைத்திருக்கிறேன். அப்படி ஒன்றை என் எதிரிக்கும் தைக்கக் கூடாது.

அதைவிடக் கொடுமை எங்கள் சாப்பாட்டு நேரம். மீன் குழம்பு கொதிக்கும்போது அவர் தலை சமையற்கட்டுப் பக்கம் திரும்பும். அதனால் மீன் வாங்குவதை நிறுத்தினேன். என் வாய் அசைவதையே அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் முன்னால் சாப்பிடுவதை நிறுத்தினேன். விறகுப்புரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, திருடி மாதிரி நாலு வாய் அள்ளிப் போட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவேன். மாமி வந்தால் அவளையும் பின்பக்கம்தான் கூட்டிப்போவேன். வீட்டில் ஒருவரும் ஒருவரோடும் உட்கார்ந்து உண்ணாத வீடாகிவிட்டது இது. ஒருநாள் நான் உள்ளே வரும்போது அவர் என் முகத்தையே பார்த்தார். உதட்டோரத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்திருக்கிறது. அவர் கோபப்படவில்லை. அந்தப் பை மாட்டிய கையால் தன் வாயைத் தொட்டுக் காட்டி, "எனக்க வாயி பின்ன எதுக்காக்கும்?" என்றார்.

டியூபை மாற்றுகிற நாள் வந்தது. பழையதை எடுத்ததும் அவர் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். இனி வேண்டாம் என்றார். அவருக்குப் புத்தி தெளிவாக இருந்தது, மக்கா, அதை நீ மறந்துவிடாதே. தடுமாறியது கையும் தொண்டையும்தான். டாக்டர் அவசரப்படவில்லை. நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்து, வயிற்றில் துளை போட்டு டியூப் வைக்கலாம், மூக்கு உறுத்தாது என்றாள். அதுவும் வேண்டாம் என்றார். வாயில் சாப்பிட்டால் மறுபடி நெஞ்சுக்குள் போகலாம், காய்ச்சல் வரலாம், அது உயிரையும் எடுக்கலாம் என்று மறைக்காமல் சொன்னாள். டியூப் இருந்தாலும் அவருடைய எச்சிலே உள்ளே இறங்கி அதே காய்ச்சல் வரலாம், அதற்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்றும் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு நாங்கள் உனக்குப் போன் செய்தோம். நீ என்னிடம் சத்தம் போட்டாய், இப்போதே திரும்பப் போடச் சொல்லு என்றாய். நான் அவர் வேண்டாம் என்கிறார் என்று சொல்லச் சொல்ல, அவருக்கு என்ன தெரியும் என்று கேட்டு வைத்துவிட்டாய்.

அதற்குப் பிறகு வாயில் கொடுத்தேன். எப்படிக் கொடுத்தேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். தீராத நோயாளிகளை வீட்டில் வந்து பார்க்கிற பாலியேட்டிவ் நர்ஸ் எனக்குப் படிப்பித்தாள். கால் தரையில் படும்படி நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் தாழ்த்தச் சொல்லி, சின்னக் கரண்டியில் பாதி. தொண்டைமணி ஏறி இறங்கும்வரை காத்திருந்து, வெறும் வாயால் இன்னொரு தடவை விழுங்கச் சொல்லி, அதன்பிறகு அடுத்தது. அந்த நேரத்தில் டிவி கிடையாது, பேச்சு கிடையாது, சிரிக்க வைக்கக் கூடாது. சாப்பிட்டு முடித்தால் வாயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, உடனே படுக்கவிடாமல் உட்காரவைத்திருக்க வேண்டும். சோறும் பயறும் சேர்த்துக் குழைய அரைத்தேன். சாளையில் முள்ளைத் தடவித் தடவி எடுத்து, மரச்சீனியோடு மசித்து, புளிமுளத்தின் கட்டிச் சாற்றில் குழைத்தேன். சாயா கட்டியாவதற்கு அதில் கூவைமாவு போட்டுக் காய்ச்சிக் கொடுத்தேன். அதை மட்டும் அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "இத வச்சு போஸ்டர் ஒட்டலாம்" என்பார். நான் சிரிப்பேன், சிரிக்க வைத்துவிட்டோமே என்று பயந்து கரண்டியைக் கீழே வைப்பேன்.

பயமில்லாமல் செய்தேன் என்று நினைக்காதே. அவருக்கு ஒரு இருமல் வந்தால் எனக்கு ஒரு உயிர் போய் வரும். ஒரு நேரச் சாப்பாடு முடிய ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஆகும், சில நாள் நாலு கரண்டியோடு போதும் என்பார், சில நாள் ஒன்றும் இறங்காது. மெலிந்துகொண்டேதான் போனார், அதையும் மறைக்கவில்லை. ஆனால் மீன் குழம்பு கொதிக்கும்போது வீட்டில் யாரும் ஒளிய வேண்டியிருக்கவில்லை. நான் என் தட்டையும் எடுத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. உப்பு கூடிப்போச்சு என்று குறை சொன்னார். அந்தக் குறையைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம் வந்தது என்று உனக்கு எப்படிச் சொல்வேன். நீயும் ஒருநாள் யாருக்காவது இப்படி ஊட்ட வேண்டி வரும், எனக்காகவே இருக்கலாம். வரும்போது எவ்வளவு போயிற்று என்று மட்டும் பார்க்காதே. எதிரில் உட்கார்ந்து நீயும் சாப்பிடு.

போதகரிடமும் நான் போய்ச் சொன்னேன். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அங்கியைக் கூடக் கழற்றாமல் வீட்டுக்கு வந்தார். மாமியும் இருந்தாள். அப்பத்தில் ஒரு துணுக்கை ரசத்தில் நன்றாக ஊறவைத்து, கூழானதும் கரண்டி நுனியில் எடுத்து, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே தாடையைத் தாழ்த்தச் சொல்லி நாக்கில் வைத்தார். உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தொண்டைமணி ஏறியது, நின்றது, இறங்கியது. இருமல் வரவில்லை. மாமி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். அவள் சொன்ன பேச்சு அவளுக்கே நினைவு வந்திருக்கும். அவள் அவரிடம் மன்னிப்புக் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. அன்று மத்தியானம் இரண்டு பேரும் வெகுநேரம் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

பிறகு அந்தக் காய்ச்சல் திரும்பி வந்தது. இந்த முறை ஆஸ்பத்திரிக்கு வேண்டாம் என்று அவர் முன்பே சொல்லி வைத்திருந்தார், நர்ஸும் டாக்டரும் வீட்டிலேயே பார்த்துக்கொண்டார்கள். மூச்சு முட்டாமல் இருக்க மருந்து கொடுத்தார்கள். உன்னை உடனே வரச் சொன்னேன், நீ டிக்கெட் எடுத்தாய், அதற்குள் முடிந்துவிட்டது. நான் கொடுத்த ஏதோ ஒரு கரண்டிதான் நெஞ்சுக்குள் போய் அதைக் கொண்டுவந்ததா? எனக்குத் தெரியாது, மக்கா. இருக்கலாம். டாக்டரிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியாது. நான் அதைத் தினமும் நினைத்துப் பார்க்கிறேன். எந்தக் கரண்டி, எந்த நாள், அன்று தாடை சரியாகத் தாழ்ந்திருந்ததா, நான் அவசரப்பட்டேனா என்று. நீ என்னைக் கேட்பதற்கு முன்பே நான் என்னைக் கேட்க ஆரம்பித்துவிட்டேன். நீ கேட்டுவிட்டு விமானம் ஏறினாய். நான் இந்த வீட்டில் இருந்துகொண்டு கேட்கிறேன்.

அடக்கம் முடிந்த அன்று அக்கம்பக்கத்தார் கஞ்சியும் பயறும் கொண்டுவந்தார்கள். நான் தட்டில் போட்டு உன் முன்னால் கொண்டுவந்து வைத்தேன். நீ அதைத் தொடவில்லை. நீ இருந்த நாளெல்லாம் பாறசாலை ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில் போய்த்தான் சாப்பிட்டுவிட்டு வந்தாய். என் கையைப் பார்த்தேன். இந்தக் கை கொடுத்ததை இனி இவன் தின்னமாட்டான் என்று எனக்குப் புரிந்தது. அதைத் தாங்கிக்கொண்டு நிற்கும்போதுதான் முற்றத்தில் அந்தக் கேள்வி வந்தது. அந்த நேரத்தில் மாமியையும் ஊரையும் வைத்துக்கொண்டு நான் உண்மையைச் சொல்லியிருந்தால், உன்னால் அந்தக் காரில் ஏறியிருக்க முடியாது. அதனால்தான் சும்மா இருந்தேன்.

அந்த உண்மை இதுதான். டியூபை எடுத்த அன்று நாங்கள் உனக்குப் போன் செய்தோமே, முதலில் பேசியது நான் இல்லை. அவர்தான். தானே மகனிடம் சொல்ல வேண்டும் என்று போனைக் கேட்டு வாங்கினார். நர்ஸ் அவர் காதோடு பிடித்துக்கொண்டாள். அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்: "மக்கா, எனக்குப் பயம் ஒண்ணும் இல்லே. பசியாக்கும். எனக்க வாயில தின்னுட்டுப் போறேன்." அவ்வளவுதான் சொன்னார். எனக்குச் சாதகமாக இதில் இன்னொரு வரி சேர்த்து எழுதியிருக்கலாம், நான் சேர்க்கவில்லை. அவருடைய குரல் அப்போது காற்று மாதிரி ஆகியிருந்தது. உன் பக்கத்தில் ஏதோ வண்டிச் சத்தம். "அப்பா, ஒண்ணும் கேக்கல்ல. அம்மைட்ட கொடுங்க" என்றாய். அவர் போனை என்னிடம் நீட்டினார். நீ நினைத்துப் பார், உனக்கு நினைவு வரும்.

அது உன் குற்றம் இல்லை. அவருக்கு அவ்வளவு குரல்தான் மிச்சம் இருந்தது. யார் சொல்லி வாயில் கொடுத்தேன் என்று கேட்டாயே, அவர் சொல்லித்தான் கொடுத்தேன். அதை அவர் உன்னிடமும் சொன்னார். கோபம் இருந்தால் அவரிடமும் கொஞ்சம் கோபப்படு, அது அவருடைய உயிர், அவர் எடுத்த முடிவு. நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. நீ என்னிடம் கேட்க வேண்டும் என்றும் எழுதவில்லை. கல்லறைப் பக்கத்தில் நீ நின்றதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லோரும் மண் போட்டார்கள், நீயும் போட்டாய், உன் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. என்மேல் இருந்த கோபத்தில், உன் அப்பா செத்துப்போனார் என்பதற்கு அழ உனக்கு நேரமே கிடைக்கவில்லை, மக்கா. இதை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிடு. ஒன்றும் பேச வேண்டாம். நான் போனை எடுத்து வைத்துக்கொண்டிருப்பேன், நீ அழு.

உன்
அம்மை